ஒய் குரோமோசோமும் குழந்தையின்மையும்: முதல் பரிசோதனை யாருக்கு?

கல்யாணமாகி ஓர் ஆண்டு கடந்தால் போதும், “என்ன, விசேஷம் ஏதும் இல்லையா?” என்ற கேள்வி ஆரம்பித்துவிடும். பெரும்பாலும் அது பெண்ணிடம்தான் கேட்கப்படுகிறது. ஸ்கேன், ஹார்மோன் பரிசோதனை, கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் எக்ஸ்ரே என்று அவர் அலைவார். விரதம் இருப்பார், கோயில் மரத்தில் தொட்டில் கட்டுவார். கணவரைக் கேட்டால், “எனக்கென்ன, நான் நல்லாத்தானே இருக்கேன்” என்பார்.

அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே நன்றாகத்தான் இருக்கிறார். ஆனால், உடல் நன்றாக இருப்பது வேறு. விந்தணு உற்பத்தி சரியாக இருப்பது வேறு. குழந்தையின்மைக்காகச் சிகிச்சைக்கு வரும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம், தனியாகவோ மனைவியின் பிரச்சினையோடு சேர்ந்தோ, ஆண் தரப்புக் காரணமும் இருக்கிறது. அவற்றுள் வெளியில் துளியும் தெரியாத ஒரு காரணம், ஒய் குரோமோசோமில் ஏற்படும் சிறு இழப்பு.

ஒய் குரோமோசோமின் இரண்டு வேலைகள்

தாயிடமிருந்து எக்ஸ், தந்தையிடமிருந்து ஒய் வந்தால் ஆண் குழந்தை என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். கருவை ஆணாக வளரச் செய்யும் சுவிட்ச், ஒய் குரோமோசோமில் உள்ள ‘எஸ்ஆர்ஒய்’ என்ற மரபணு. 1990-இல் லண்டன் ஆய்வாளர்கள் அதைக் கண்டறிந்தார்கள்.

அதோடு ஒய்யின் வேலை முடிந்துவிடுவதில்லை. பருவ வயதுக்குப் பிறகு விதைப்பையில் விந்தணு உருவாக, அதே குரோமோசோமின் நீண்ட கரத்தில் உள்ள வேறு சில மரபணுக்கள் தேவை. இத்தாலியைச் சேர்ந்த டியெபோலோ, சுஃபார்டி என்ற இரு ஆய்வாளர்கள் 1976-இல் இதை முதலில் சுட்டிக்காட்டினார்கள். அவர்கள் சோதித்த 1,170 ஆண்களில் 6 பேருக்கு ஒய்யின் நீண்ட கரத்தில் ஒரு பகுதி இல்லை. அந்த 6 பேருக்கும் விந்தணுவே இல்லை.

1995-இல் அமெரிக்காவில் டேவிட் பேஜ் குழுவினர், விந்தணு இல்லாத 89 ஆண்களைச் சோதித்து 12 பேரிடம் ஒரே பகுதி காணாமல் போயிருப்பதைக் கண்டனர். அங்கே இருந்த மரபணுவுக்கு ‘டிஏஇசட்’ என்று பெயர். அடுத்த ஆண்டே, விந்தணு உற்பத்திக்குத் தேவையான பகுதிகள் மூன்று என்பது தெளிவானது. மருத்துவ அறிக்கைகளில் இவை ‘ஏஇசட்எஃப்’ ஏ, பி, சி என்று குறிப்பிடப்படுகின்றன.

இது வெளிநாட்டுச் சங்கதி மட்டுமல்ல. ஹைதராபாத்தில் உள்ள சிசிஎம்பி ஆய்வு மையத்தினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், விந்தணு இல்லாத 340 இந்திய ஆண்களில் 29 பேருக்கு ஒய் குரோமோசோமில் இழப்பு இருந்தது. அதாவது, ஏறக்குறைய 12 பேரில் ஒருவர்.

ஏன் அறுந்துபோகிறது?

மற்ற குரோமோசோம்களுக்கு ஜோடி உண்டு. ஒன்றில் பழுது ஏற்பட்டால், இன்னொன்றைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம். ஒய் தனி ஆள். அதனால் முக்கியமான பகுதிகளைத் தனக்குள்ளேயே இரண்டு தடவை எழுதி வைத்திருக்கிறது, ‘விகடகவி’ என்ற சொல்லைப் போல, ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக. ஒரு பிரதி கெட்டால் மற்றொன்று கைகொடுக்கும்.

இந்த ஏற்பாட்டிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பகுதிகள் சில சமயம் தவறாக ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும். அப்போது நடுவில் இருக்கும் துண்டு கழன்று போய்விடும். ‘சி’ பகுதி முழுவதும் இப்படிப் போனால் சுமார் 35 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள் காணாமல் போகும். ஒய் குரோமோசோமின் மொத்த நீளமே சுமார் 6.2 கோடி எழுத்துகள்தான்.

பெரும்பாலும் இந்த இழப்பு புதிதாகவே ஏற்படுகிறது. தந்தையின் ஒய் முழுமையாக இருக்கும். அவரது விந்தணு உருவான நேரத்தில் துண்டு விழுந்திருக்கும். ஆகவே இது சாபமும் இல்லை, இளவயதுத் தவறுகளின் விளைவும் இல்லை. யார் மீதும் பழி போட இதில் இடமே கிடையாது.

ஆண்மைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை

இந்த இழப்பு உள்ளவருக்கு மீசை, தாடி, குரல், தாம்பத்திய உறவு எல்லாமே பொதுவாக இயல்பாக இருக்கும். விந்து வெளியேறுவதிலும் வித்தியாசம் தெரியாது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் விந்தணு இல்லை என்பதோ மிகக் குறைவு என்பதோ தெரியும். “பரிசோதனைக்குப் போனால் ஆண்மைக்கு இழுக்கு” என்று நினைத்து ஒதுங்குவதில் அர்த்தமே இல்லை.

கூச்சத்தால் மருத்துவரிடம் போகாதவர்கள் லேகியத்தையும் லாட்ஜ் வைத்தியர்களையும் தேடிப் போகிறார்கள். அறுந்துபோன மரபணுவை எந்த லேகியமும் ஒட்ட வைக்காது. டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்வது இன்னும் மோசம். இருக்கும் விந்தணு உற்பத்தியையும் அது அடக்கிவிடும்.

எப்படித் தெரிந்துகொள்வது?

முதல் படி, விந்துப் பரிசோதனை. செலவும் வலியும் குறைந்த பரிசோதனை இது. ஒரு மில்லிலிட்டரில் சுமார் 1.6 கோடி விந்தணுக்கள் என்பதை உலக சுகாதார நிறுவனம் கீழ் அளவாகக் குறிப்பிடுகிறது. எண்ணிக்கை மிகக் குறைவாக, குறிப்பாக 10 லட்சத்துக்கும் கீழே இருந்தாலோ, விந்தணு அறவே இல்லாவிட்டாலோ ஒய் குரோமோசோம் பரிசோதனை தேவைப்படும். கொஞ்சம் ரத்தம் எடுத்து, பிசிஆர் முறையில் மூன்று பகுதிகளும் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். சாதாரண குரோமோசோம் பரிசோதனையில் இந்தச் சிறு இழப்புகள் தெரியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

விந்தணுக் குறைவுக்கெல்லாம் ஒய்தான் காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. விதைப்பை ரத்தக்குழாய் வீக்கம், பொன்னுக்கு வீங்கி நோயின் பின்விளைவு, ஒரு எக்ஸ் கூடுதலாக இருப்பது, விந்து வரும் பாதையில் அடைப்பு எனப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் சிலவற்றைச் சரிசெய்யவும் முடியும்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியது

விந்தணு வெளியே வராதவர்களுக்கு, விதைப்பையில் அறுவைச் சிகிச்சை செய்து விந்தணுவைத் தேடி எடுக்கும் முறை இருக்கிறது. கிடைத்தால், ஒரே விந்தணுவைக் கருமுட்டைக்குள் செலுத்தும் ‘இக்சி’ முறையில் கருத்தரிக்க வைக்கலாம். எந்தப் பகுதி இழந்திருக்கிறது என்பது இங்கேதான் முக்கியமாகிறது. ‘சி’ மட்டும் இல்லாதவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு விந்தணு கிடைக்க வாய்ப்புண்டு. ‘ஏ’ அல்லது ‘பி’ பகுதி முழுவதுமாக இல்லையென்றால் கிடைக்காது என்றே சொல்ல வேண்டும். அந்த நிலையில் அறுவைச் சிகிச்சையைப் பரிந்துரைப்பதே தவறு.

நகையை அடகு வைத்து, கடன் வாங்கி, லட்சக்கணக்கில் செலவழித்துவிட்டு, “கிடைக்கலைங்க” என்ற பதிலோடு திரும்பும் தம்பதிக்கு, அதை முன்கூட்டியே சொல்லியிருக்கக்கூடிய ஒரு ரத்தப் பரிசோதனை இருந்தது என்பது தெரிய வந்தால் எப்படி இருக்கும்?

இன்னொரு உண்மையையும் மறைக்கக் கூடாது. ‘சி’ பகுதி இல்லாதவருக்கு இக்சி மூலம் மகன் பிறந்தால், அதே குறை அவனுக்கும் போகும். மகளுக்கு ஒய் போவதில்லை என்பதால் அந்தப் பிரச்சினை இல்லை. மகன் மற்ற எல்லா வகையிலும் ஆரோக்கியமாக வளரலாம்; ஆனால், அவனும் ஒருநாள் இதே வாசலில் நிற்க நேரலாம். அதைத் தெரிந்துகொண்டு முன்னே போவதா, தானம் பெற்ற விந்தணுவா, தத்தெடுப்பதா என்பதைத் தம்பதியே முடிவு செய்யட்டும். அந்த முடிவுக்குத் தேவையான விவரத்தைச் சொல்லும் கடமை மருத்துவமனைக்கு இருக்கிறது.

என்ன மாற வேண்டும்?

குழந்தையின்மைக்காக வரும் தம்பதிகளில் கணவருக்கும் முதல் சந்திப்பிலேயே விந்துப் பரிசோதனை எழுதிக்கொடுப்பது எல்லா மருத்துவமனைகளிலும் வழக்கமாக வேண்டும். தேவைப்படுவோருக்கு, அறுவைச் சிகிச்சைக்குப் பணம் வாங்கும் முன்பே ஒய் பரிசோதனையும் மரபியல் ஆலோசனையும் கிடைக்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இது இலவசமாகக் கிடைத்தால், ஏழைத் தம்பதிகள் வீண் செலவிலிருந்து தப்புவார்கள்.

வீட்டில் மாற வேண்டியதும் இருக்கிறது. ‘மலடி’ என்ற சொல்லை இன்றும் கூசாமல் பயன்படுத்துகிறோம். ‘மலடன்’ என்ற சொல் அகராதியில் இருந்தும், வாயில் வருவதில்லை. இரண்டுமே வேண்டாத சொற்கள்தான். அடுத்த முறை மருமகளை மருத்துவமனைக்கு அனுப்பும்போது, “நீயும் போய் ஒரு டெஸ்ட் எடுத்துட்டு வாப்பா” என்று மகனிடமும் சொன்னால் போதும். ஒரு பெண் சுமக்கும் பல வருடப் பழி அதிலேயே இறங்கிவிடக்கூடும்.