வாப்பாவின் அறையில் ஒரு கண்

சுபுஹு தொழுதுவிட்டுப் பள்ளிவாசலிலிருந்து புறப்பட்ட முதியவர் ஒருவர், தம் வீட்டுத் தெருவை மறந்து பேருந்து நிலையம் வரை நடந்துவிட்டார். நம் மஹல்லாவில் நடந்தது இது. மறதிநோய் அவரை மெல்ல ஆட்கொண்டு வருகிறது. வளைகுடாவிலுள்ள பிள்ளைகள் பதறிப்போயினர். ஒரே வாரத்தில் அவர் கையில் இருப்பிடம் காட்டும் கடிகாரமும், படுக்கையறையில் கேமராவும் வந்துவிட்டன. இது மார்க்கத்தில் ஆகுமா என்று நம்மிடம் கேட்டனர்.

கடிகாரத்தில் நமக்குத் தயக்கமில்லை. ஒவ்வொருவரும் தம் பொறுப்பில் உள்ளோரைக் குறித்து விசாரிக்கப்படுவர் என்பது நபி (ஸல்) அவர்களின் எச்சரிக்கை. வழிதவறிய தந்தையைத் தேடிக் கண்டடைவது அப்பொறுப்பில் அடங்கும். பிறர் குறைகளைத் துருவுவதைத் தடுக்கும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனத்தை இதற்கு எதிராகக் காட்டுவது பொருந்தாது. ஆயினும் அவரிடம் சொல்லிவிட்டே கட்ட வேண்டும். மறந்துவிட்டால் மறுநாளும் சொல்லலாம். அவர் இருக்குமிடத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்து, 'பெரியவாப்பா மறுபடியும் டீக்கடையில்' என்று சிரித்ததாக அறிந்து வருந்தினோம். தேடிச் செல்லக்கூடிய இருவர் அறிந்தால் போதாதா?

கேமராதான் நம்மை உறுத்துகிறது. வீட்டுச் சிறுவரும் பணியாளரும்கூட சுபுஹுக்கு முன்பும், நண்பகலில் ஆடை களையும் வேளையிலும், இஷாவுக்குப் பின்பும் அனுமதி பெற்றே நுழைய வேண்டும் என அந்நூர் அத்தியாயத்தின் 58ஆம் வசனம் கட்டளையிடுகிறது. கேமராவோ அம்மூன்று நேரங்களிலும் விழித்தே இருக்கிறது.

இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவில் ஓர் அறிவிப்பு உண்டு. தாயிடம் செல்லவும் அனுமதி கேட்க வேண்டுமா என ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் வினவினார். ஆம் என்றார்கள். ஒரே வீட்டில்தானே வசிக்கிறேன் என்றார். அப்போதும் கேள் என்றார்கள். அவருக்குப் பணிவிடை செய்பவனே நான்தான் என்றார். அப்போதும் விடை மாறவில்லை. தாயை ஆடையற்ற நிலையில் காண விரும்புவாயா என்று திருப்பிக் கேட்டார்கள். (தொடரில் நபித்தோழரின் பெயர் இல்லாத முர்ஸல் அறிவிப்பு இது, கருத்தில் தடையில்லை.) பணிவிடை செய்பவருக்கே இந்த நிலை என்றால், கடல் கடந்து திரையில் பார்ப்பவருக்கு?

இன்னொருவரை அனைவரும் மறந்துவிட்டனர். மாமனாருக்கு உணவூட்டவும் விரிப்பு மாற்றவும் அவ்வறைக்குள் பகல் முழுதும் நடமாடுபவர் மருமகள். அவரைக் கணவரின் சகோதரர்கள் மூவரும் நினைத்த நேரத்தில் காண முடிகிறது. கணவரின் உடன்பிறந்தார் தனிமையில் நுழைவதை மரணத்துக்கு ஒப்பிட்டு எச்சரித்த மார்க்கம் நம்முடையது. அந்தப் பெண்ணிடம் யாரும் ஒரு சொல் கேட்கவில்லை.

இரவில் விழுந்தால் யாருக்குத் தெரியும் என்று மூத்த மகன் கேட்டார். நியாயமான கேள்வியே. ஆனால் நிர்ப்பந்தம் அனுமதிப்பது தேவையின் அளவுக்கு மட்டுமே. பேரன் அவ்வறையில் படுக்கலாம்; வாசற்கதவு திறந்தால் ஒலிக்கும் மணியும் பொருத்தலாம் என்றோம். அவர் உடனே ஒப்பவில்லை. பத்து நாள் கழித்தே கேமராவைக் கழற்றச் சொன்னார்.

இப்போது சுபுஹுக்குப் பின் நம் மத்ரஸா மாணவர் இருவர் அவரை வீடுவரை அழைத்துச் செல்கின்றனர். தெருவின் பெயர் அவருக்கு நினைவில் இல்லை. வழியில் மாணவர்கள் ஓதும் யாசீனில் பிழை வந்தால் மட்டும் நின்று திருத்துகிறார்.