எந்தப் பொறுப்பு யாருடையது?

சுற்றுச்சூழல் பற்றிப் பேச்சு எழும் இடத்திலெல்லாம் இரண்டு குரல்கள் கேட்கின்றன. "ஒவ்வொருவரும் திருந்தினால் நாடு தானாகத் திருந்திவிடும்" என்பது ஒன்று. "அரசும் ஆலைகளும் மாறாதபோது நான் ஒருத்தன் மாறி என்ன ஆகப்போகிறது?" என்பது மற்றொன்று. இரண்டிலும் பாதி உண்மை இருப்பதால்தான் இந்த வாதம் ஓய்வதில்லை. எந்தப் பாதி எங்கே பொருந்தும் என்று பிரித்துப் பார்க்க, கடலூர் மாவட்டத்தின் இரண்டு இடங்களே போதும்.

முதலாவது, கடலூர் சிப்காட். உப்பனாற்றுக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே 1980களில் உருவான தொழிற்பேட்டை. பூச்சிமருந்து, சாயம், மருந்துப் பொருள்கள் தயாரிக்கும் ஆலைகள் நிறைந்தது. குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம், சொன்னஞ்சாவடி போன்ற ஊர்கள் அதை ஒட்டியே இருக்கின்றன. இங்கே குடியிருக்கும் ஒரு பெண், கடைக்குத் துணிப்பை கொண்டுபோகலாம். குப்பையைத் தரம் பிரித்துக் கொடுக்கலாம். மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கலாம். எல்லாமே நல்ல காரியங்கள். ஆனால் ராத்திரி சன்னல் வழியே வரும் காற்றை அவரால் தேர்ந்தெடுக்க முடியாது.

தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமான நீரி, 2007இல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஓர் அறிக்கை தந்தது. சிப்காட் பகுதி மக்களுக்கு வாழ்நாளில் புற்றுநோய் வரும் அபாயம், இயல்பைவிடக் குறைந்தது 2,000 மடங்கு அதிகம் என்று அது கணித்தது. காற்றில் கலந்த நச்சு வாயுக்களை வைத்துப் போட்ட கணக்கு அது. அந்த அபாயத்தை உண்டாக்கியதில் அந்தப் பெண்ணின் பழக்கவழக்கங்களுக்குப் பங்கே இல்லை. அதைக் குறைக்கும் திறவுகோலும் அவர் வீட்டில் இல்லை. ஆலையின் குழாயிலும், அதற்கு இசைவாணை தரும் அலுவலகத்திலும், விதிகளை எழுதும் சட்டமன்றத்திலும்தான் இருக்கிறது. இந்த இடத்தில் "நீ திருந்து" என்று அவரிடம் சொல்வது அறிவுரை ஆகாது, அநீதி.

அப்படியானால் அமைப்பு மாறும்வரை காத்திருப்பதுதான் வழியா? அதே சிப்காட் அதற்கும் விடை சொல்கிறது. "நாற்றம் தாங்கவில்லை" என்று மக்கள் பல ஆண்டுகளாக முறையிட்டும், ஆதாரம் எங்கே என்ற கேள்வியே திரும்பி வந்தது. 2004இல் ஊர்க்காரர்கள் சிலர் பயிற்சி பெற்று, சிப்காட் பகுதிச் சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள் என்ற குழுவாகச் சேர்ந்தார்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, காற்று எந்தத் திசை, என்ன மாதிரி வாடை என்று ஏட்டில் குறித்தார்கள். காற்றையும் மாதிரியாகப் பிடித்தார்கள். மூடி போட்ட பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு தனி வகைப் பையைப் பொருத்தி, வாளியின் காற்றை உறிஞ்சி வெளியேற்றினால், வெளிக்காற்று பைக்குள் நிறையும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் எண்ணெய் ஆலைகளை ஒட்டி வாழ்ந்த மக்களுக்காக 1990களில் உருவான எளிய உத்தி இது. கடலூரில் பிடித்த காற்றை ஆய்வகத்தில் சோதித்தபோது 22 நச்சு இரசாயனங்கள் தெரியவந்தன. அவற்றில் 8 புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை.

2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடெங்கும் 88 தொழிற்பகுதிகளை மதிப்பிட்டது. கடலூர் 77.45 புள்ளிகளோடு, மிக மோசமாக மாசடைந்த 43 பகுதிகளின் பட்டியலில் இடம்பெற்றது. 2010 ஜனவரியில் அந்தப் பகுதிகளில் புதிய திட்டங்களுக்குத் தற்காலிகத் தடை வந்தது. வாளி பிடித்த கைகள் மட்டுமே இதைச் சாதித்தன என்று சொல்லிவிட முடியாது. சிப்காட்டின் துன்பம் அதோடு தீர்ந்துவிடவும் இல்லை. 2021 மே மாதம் பூச்சிமருந்து ஆலை ஒன்றில் நடந்த விபத்தில் நான்கு பேர் உயிரிழந்தார்கள். ஆனாலும் ஒன்று தெளிவு. மறுக்க முடியாதபடி குறித்துவைத்துக் கேள்வி கேட்கும் மனிதர்கள் இல்லாத ஊரில், விதி தானாக விழித்துக்கொள்வதில்லை.

இரண்டாவது இடம், சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரம். அங்கே அலையாத்திக் காடு அழிந்துகொண்டிருந்தபோது, பழி அக்கம்பக்கத்து மக்கள் மீது விழுந்தது. மாடு மேய்க்கிறார்கள், விறகு வெட்டுகிறார்கள் என்றார்கள். 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஆராய்ந்தபோது தெரிந்தது வேறு. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970கள் வரை, காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து மொத்தமாக வெட்டும் முறை நடைமுறையில் இருந்தது. நிழல் போன நிலம் வெயிலில் காய்ந்து, அமிழ்ந்து, தொட்டிபோல் குழிந்துவிட்டது. ஓதத்தில் உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியில்லாமல் தேங்கியது. நீர் ஆவியாக ஆவியாக உப்பு ஏறியது. அந்த மண்ணில் கன்று பிழைக்கவில்லை.

காரணம் தெரிந்ததும் மருந்தும் தெரிந்தது. மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டி, ஓதநீர் வந்துபோக வழி செய்தார்கள். வனத்துறையும் ஆராய்ச்சி நிறுவனமும் கிராம மக்களும் சேர்ந்து கன்று நட்டார்கள், காடு திரும்பியது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தபோது, இந்தக் கரையில் மரக்காட்டின் மறைவில் இருந்த ஊர்கள், திறந்த கரையில் இருந்தவற்றைவிடக் குறைந்த சேதத்தோடு தப்பின. இங்கே கவனிக்க வேண்டியது வரிசை. கால்வாய் வெட்டாமல் ஆயிரம் கன்று நட்டாலும் பட்டுத்தான் போகும். கால்வாயை வெட்டிவிட்டு, நடவும் காக்கவும் ஆளில்லை என்றாலும் காடு வராது. அமைப்பு வழி திறக்க வேண்டும், மனித உழைப்பு அதில் நடக்க வேண்டும்.

தனிமனிதர் மீது பழி போடுவது சிலருக்கு வசதி என்பதையும் மறந்துவிடக் கூடாது. 1971இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு புகழ்பெற்ற விளம்பரம் வந்தது. மாசுக்குக் காரணம் மக்கள்தான், நிறுத்த வேண்டியவர்களும் அவர்கள்தான் என்றது. அதை வெளியிட்ட அமைப்புக்குக் குளிர்பான, பொட்டல நிறுவனங்கள் ஆதரவாக நின்றன. சாலையில் குப்பையை எறிந்தவரைக் காட்டியது விளம்பரம். எறியத்தக்க பாட்டிலைச் செய்தவரைக் காட்டவில்லை.

அதற்காக "எல்லாம் அமைப்பின் குற்றம்" என்று சொல்லி, வெள்ளாற்றங்கரையில் குப்பையைக் கொட்டுபவரை மன்னிக்க முடியாது. நம் கைக்கு எட்டியதைச் செய்யாதவர், எட்டாததைப் பற்றிப் பேசும்போது அந்தப் பேச்சுக்கு வலு இருக்காது. பழக்கம் மாறவும் விதி துணை செய்கிறது. ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. கடையில் கேரி பேக் கிடைக்காத நாளில் மஞ்சப்பை எடுத்துப்போவது எல்லாருக்கும் எளிது. தடை ஏட்டளவில் நிற்கும் கடைத்தெருவில், நல்ல பழக்கம் உள்ளவர் தனியாள் ஆகிவிடுகிறார்.

ஆகவே பொறுப்பை அதிகாரத்தின் அளவுக்கேற்பப் பங்கிட வேண்டும். ஆலைக்கும் அரசுக்கும் பெரும்பங்கு. நமக்கு இரண்டு பங்கு: வீட்டில் ஒன்று, ஊரில் ஒன்று. வீட்டுப் பங்கைப் பற்றி ஏராளமாகப் பேசிவிட்டோம். ஊர்ப் பங்குக்கும் வழிகள் இருக்கின்றன. ஓர் ஆலையின் இசைவாணையில் என்ன நிபந்தனைகள் என்று 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பொது மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால், போய்ப் பேசி, சொன்னது பதிவானதா என்று பார்க்கலாம். கிராம சபையில் தீர்மானம் கொண்டுவரலாம். வாக்குக் கேட்டு வருபவரிடம் உப்பனாற்றைப் பற்றிக் கேட்கலாம். இவை ஒருவர் செய்தால் சிறியவை. ஊர் சேர்ந்து செய்தால் அதிகாரிகள் பதில் சொல்லியே ஆக வேண்டியவை. அடுத்த கருத்துக்கேட்புக் கூட்டத்தில் நம் நாற்காலி காலியாக இருந்தால், அந்தக் குறையை எந்த மஞ்சப்பையாலும் ஈடுசெய்ய முடியாது.