பட்டியலிலிருந்து உதிர்ந்த நூல்கள்

2024 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்துள்ள பத்திரிகைகள், பருவ இதழ்கள் பதிவுச் சட்டம், 2023, மாவட்ட ஆட்சியர் முன் உறுதிமொழி அளிக்கும் முறையை ஒழித்து இணையவழிப் பதிவைக் கொண்டுவந்தது நல்லதே. எனினும் அதற்கு முன் நடப்பிலிருந்த 1867ஆம் ஆண்டுச் சட்டத்தை முற்றிலும் நீக்கியதோடு, ‘பருவ இதழ்’ என்னும் வரையறையிலிருந்து நூல்களையும் ஆய்விதழ்களையும் விலக்கியதால், அச்சான நூல்களைக் காலாண்டுதோறும் தொகுத்து அரசு வெளியிட வேண்டிய பட்டியல் சட்ட அடிப்படையை இழந்துவிட்டது.

1857 கிளர்ச்சிக்குப் பின், குடிகள் எதைப் படிக்கிறார்கள் என்னும் ஐயத்தால் எழுந்ததே அப்பட்டியல். ஆயினும் தலைப்பு, மொழி, அச்சகம், பக்கம், அச்சிட்ட படிகள், விலை என ஒவ்வொன்றையும் பதிந்ததால், உளவுக்கென வைத்த கணக்கே பொதுக்கருத்தின் வரலாற்றுக்குச் சான்றாயிற்று. படிகளின் எண்ணிக்கை வாசகரின் எண்ணிக்கை ஆகாது என்பது வேறு. 1925இல் ஈரோட்டில் தொடங்கிய ‘குடி அரசு’, 1942இல் காஞ்சிபுரத்தில் அண்ணா தொடங்கிய ‘திராவிட நாடு’ போன்ற இதழ்கள் தேநீர்க்கடையிலும் முடிதிருத்தகத்திலும் படிப்பகத்திலும் ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்டு, வாதிட்டுப் பரவியவை.

குழித்தறியில் கால் மிதியிலும் கை நாடாவிலும் இருக்க, நெசவாளருக்கு அப்படிக் கேட்க ஓய்வாக இருப்பது செவி ஒன்றே. ஆரணி, வெம்பாக்கம் வட்டாரங்களில் கூலி உயர்வு கேட்டு ஒரு சங்கம் பதினாறு பக்கச் சிறுவெளியீடு அச்சிட்டால், அது தறிக்கூடத்தில் காதால் படிக்கப்பட்டுச் சில வாரங்களில் பொட்டலத் தாளாகிவிடும்.

அப்பட்டியல் போனபின் இனி எஞ்சியிருப்பது 1954ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டம். வெளியான 30 நாள்களுக்குள் கன்னிமாரா உள்ளிட்ட வைப்பு நூலகங்களுக்குப் படி அனுப்ப வேண்டும் என்பது அதன் விதி. தவறினால் நூலின் விலையோடு அதிகபட்சத் தண்டம் 50 ரூபாய். இன்றைய விலைவாசியில் அது அறுந்த பட்டிழைக்கும் காணாது. எழுபது ஆண்டுகளாக அத்தொகையைத் திருத்த மனம் வராத அரசுக்கு, 1867ஆம் ஆண்டுச் சட்டத்தை நூல்களுக்கு மாற்றீடின்றித் துடைத்தெறிய மட்டும் வேகம் வந்துவிட்டது. பட்டியலிடுவோரைக் கலந்தாலோசிக்காமல் வரைந்த சட்டமோ என்றே எண்ணத் தோன்றுகிறது. சொத்து வரியோடு நூலக வரியும் செலுத்தும் நெசவாளர், தம் சங்கத்தின் சிறுவெளியீட்டை அவ்வரியில் நடக்கும் நூலகத்தில் கேட்டால், இல்லை என்று கூறவும் அங்கே ஒரு பதிவேடு இராது.