தமிழிலும் பேசலாம்

மென்பொருள் மாநாடு என்றாலே பெரிய கம்பெனிக்காரர்களுக்கானது என்று ஒதுங்கிவிடும் கல்லூரிப் பிள்ளைகள் சென்னையில் ஏராளம். அந்தத் தயக்கத்தைப் போக்குவது கூட்டம் நடத்துபவர்களின் பொறுப்பு. 2019 அக்டோபரில் பைத்தான் மொழிக்கான தேசிய மாநாடு, பைகான் இந்தியா, நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடந்தது; நடத்தியவர்கள் தன்னார்வலர்கள். ஆனால் புதிதாக வருபவருக்கு அதைவிட நெருக்கமானவை சின்னக் கூட்டங்கள்தான். அடையாறை ஒட்டிய ஐஐடி வளாகத்தில், கஜேந்திரா சர்க்கிள் அருகே ஒரு வகுப்பறையில், இரண்டாம் சனிக்கிழமைகளில் லினக்ஸ் பயனர் குழு பல ஆண்டுகள் கூடிவந்தது. கட்டணம் கிடையாது, யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். இத்தகைய கூட்டங்களில் மின்னல் உரை என்று ஒன்று உண்டு. பெரும்பாலும் ஐந்தே நிமிடம். அன்றைக்கே பெயர் கொடுத்தால் போதும், நேரம் முடிந்ததும் அடுத்தவர் மேடையேறிவிடுவார். முதன்முறை வரும் மாணவி அங்கே தான் எழுதிய நிரலைத் தமிழிலேயே விளக்கட்டும். 1999-ல் தமிழ்நெட் மாநாடு கூடி, தமிழ்99 விசைப்பலகைக்கு வழி செய்தது இதே சென்னையில்தான். இந்த ஊரில் கணினியைப் பற்றித் தமிழில் பேச எவரும் கூச்சப்படத் தேவையில்லை. அமைப்பாளர்கள் அழைப்பிதழிலேயே ‘தமிழிலும் பேசலாம்’ என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். அடுத்த கூட்டத்திலிருந்தே சேர்க்கலாம்.