பத்மினிக்குச் சென்னையில் இடம் வேண்டும்

சென்னை ஓவிய இயக்கம் என்றதும் கே.சி.எஸ். பணிக்கர், 1966-இல் உருவான சோழமண்டலம் கலைஞர் கிராமம், அங்கே குடியேறிய கலைஞர்கள் என்று பெயர்கள் வரிசையாக வந்துவிடுகின்றன. அந்த வரிசையில் டி.கே. பத்மினியைச் சேர்த்துச் சொல்பவர்கள் மிகச் சிலர். பணிக்கரிடம் சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்றவர், இந்த நகரத்துப் பள்ளியில் ஓவியம் கற்பித்தவர் பத்மினி. அவரை மறந்தது நாம் செய்த அநீதி.

பொன்னானிக்கு அருகே காடஞ்சேரியில் 1940-இல் பிறந்தார். அவருடைய திறமையை அடையாளம் கண்டு ஊக்கம் கொடுத்தவர்களில் கவிஞர் இடச்சேரி கோவிந்தன் நாயரும் ஒருவர். வீட்டுப் பெண்ணை ஓவியம் படிக்க வெளியூர் அனுப்புவதே அரிதாக இருந்த காலம் அது. அப்படிச் சென்னைக்கு வந்த பத்மினி வரைந்தது பெண்ணின் உடலை. பார்ப்பவரை மகிழ்விக்க நிற்கும் உடலை அல்ல. தன் பாரத்தையும் தனிமையையும் தானே சுமக்கும் உடலை. நிர்வாணத்தை ஆண்கள் வரைவதே வழக்கமாயிருந்த 1960-களில் ஓர் இளம்பெண் இப்படி வரையத் துணிந்தது சாதாரணமல்ல. கடைசிக் காலத்து ஓவியங்களில் ஒன்று, பட்டம் விடும் பெண்.

1969 மே மாதம் பிரசவத்தில் இறந்தார். பத்மினி என்றால் இந்தத் துயரத்தையே பேசுகிறோம். ஓவியம் பின்னுக்குப் போய்விடுகிறது. சீக்கிரம் போய்விட்டார், அதனால்தான் பெயர் பரவவில்லை என்ற சமாதானத்தை ஏற்க முடியாது. அம்ரிதா ஷெர்கில்லும் 28 வயதில் மறைந்தவர்தான். ஆனால் அவருடைய ஓவியங்களைத் தில்லியின் தேசிய நவீனக் கலைக்கூடம் சேர்த்துவைத்தது. தலைமுறை தலைமுறையாக மக்கள் பார்த்தார்கள். படைப்பைக் கண்ணில் படும்படி வைக்கும் நிறுவனம் இருந்தால் பெயர் நிலைக்கும்.

கேரளம் தன் பங்கைச் செய்திருக்கிறது. அங்கே 2018-இல் பத்மினியின் வாழ்க்கை திரைப்படமாகவும் வந்தது. மலையாளிகள் பார்த்துக்கொள்ளட்டும் என்று நாம் இருந்துவிடக் கூடாது. பணிக்கரின் குடும்பமும் பொன்னானிப் பக்கம்தான். அவரைச் சென்னையின் கலைஞராகக் கொண்டாட நாம் ஒருபோதும் தயங்கியதில்லையே!

தமிழக அரசின் கலை பண்பாட்டுத் துறை, கேரள லலித கலா அகாதெமியோடு பேசி, பத்மினியின் ஓவியங்களை இரவல் பெற்று, அவர் படித்த கல்லூரியிலேயே கண்காட்சி நடத்த வேண்டும். படங்களோடு தமிழில் ஒரு நூலும் வர வேண்டும். கல்லூரியின் பழைய பதிவேடுகளைத் துருவி, அவரோடும் அவருக்கு முன்னும் படித்த மாணவியரின் பெயர்களையும் படைப்புகளையும் தொகுக்கும் வேலையை இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்க வேண்டும்.