கத்தரிக்கோல் மட்டும் தெளிவாகத் தெரிகிறது

2009 ஆம் ஆண்டுக்குப் பின்னர் வன்னியில் நடைபெற்ற தொழிற்பயிற்சி நிறைவு விழாக்களின் படங்களை யாராவது பொறுமையோடு தொகுத்துப் பார்ப்பார்களாயின், அவை எல்லாம் ஒரே படமோ என்ற ஐயம் அவர்களுக்கு எழும். மாலை அணிந்த பிரதம விருந்தினர், குத்துவிளக்கு, நாடா, நாடாவை வெட்டும் கத்தரிக்கோல். விருந்தினரின் முழங்கைக்குப் பின்னால் மங்கலாக ஏதோ ஒன்று தெரியும். அது ஆறு மாதம் பயிற்சி பெற்ற ஒரு பையன் முதிரைப் பலகையில் செய்த நாற்காலி. கத்தரிக்கோலின் திருகாணி கூடத் தெளிவாகத் தெரிகிறது. நாற்காலிக்குக் கால்கள் எத்தனை என்பதை ஊகித்துத்தான் அறிய வேண்டியிருக்கிறது.

இதைச் சிறிய விடயம் என்று கருதுவோர் வவுனியா மன்னார் வீதியிலோ ஹொரவப்பொத்தானை வீதியிலோ உள்ள எந்தத் தச்சுப் பட்டறைக்கும் சென்று, அவர்களுடைய வாடிக்கையாளர் யார் என்று கேட்டுப் பார்க்கட்டும். முன்பு பக்கத்துக் கிராமத்தவர் வந்தார், மரத்தைத் தட்டிப் பார்த்தார், பொருத்தைத் தடவிப் பார்த்தார், விலை பேசினார். இன்று ஊரில் வீடு கட்டுபவர் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறார், அல்லது லண்டன் ஹரோவில் இருக்கிறார். கதவுக்கும் நிலைக்கும் அவர் பணம் அனுப்புவது கைத்தொலைபேசித் திரையில் வரும் படத்தைப் பார்த்துத்தான். “வேலை தெரிந்தவனைத் தேடிக்கொண்டு ஆட்கள் வருவார்கள்” என்ற பழைய பெருமிதம் அங்கே செல்லுபடியாகாது. தேடுகிறவருக்குக் கண்ணில் படுவது இருட்டு மூலையில் ஓர் அலுமாரி, அதன் கண்ணாடியில் நட்சத்திரமாக வெடித்த பிளாஷ் வெளிச்சம், ஓரத்தில் விளக்குமாறு, பாதிச் சைக்கிள். அவர் தொழிற்சாலையில் ஒட்டிய பலகைத் தளபாடத்தின் பளபளப்பான விளம்பரப் படத்துக்குத் தாவிவிடுகிறார். கைவினைஞனின் கூலி அந்த இடத்தில் பறிபோகிறது.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், “நல்ல கமரா இல்லை” என்பது. இதைப் போன்ற பொய் வேறில்லை. விற்பவர்கள் பரப்பிய பொய்யை வாங்குபவர்கள் நம்புகிறார்கள். பழைய மூன்று மெகாபிக்சல் கமராவின் படம் 2048 புள்ளி அகலமுடையது. அங்குலத்துக்கு 200 புள்ளி என்ற கணக்கில் அதைப் பத்து அங்குல அகலத்துக்கு அச்சிடலாம்.  இன்று மலிவான திறன்பேசியிலும் அதைவிடக் கூடுதலான புள்ளிகள் இருக்கின்றன. குறைவது புள்ளிகள் அல்ல, வெளிச்சம்.

பட்டறைகள் இருட்டானவை. தகரக் கூரை, ஒரு குழல் விளக்கு, ஒரு வாசல். அந்த வாசலால் வரும் பகல் வெளிச்சம் ஒரு நிறம், குழல் விளக்கு இன்னொரு நிறம். இரண்டும் கலக்கும்போது பாலை மரம் பச்சையாகவும் தேக்கு சாம்பலாகவும் படத்தில் விழுகின்றன. சிறிய கமராவின் உணரி சிறிது; இருட்டில் அது நீண்ட நேரம் கண் திறந்திருக்க வேண்டும், கை அதற்குள் அசைந்துவிடுகிறது. பிளாஷைப் போட்டால் வார்னிஷ் மேற்பரப்பு கண்ணாடியாகி வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறது. ஆகவே முதற் காரியம் பிளாஷை நிறுத்துவது. இரண்டாவது, பொருளை வெளியே எடுப்பது. வெளியே என்றால் வெயிலுக்கு அன்று. சித்திரையிலும் ஆவணியிலும் எங்கள் நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அந்த வெயிலில் நாற்காலியின் இருக்கை வெளுத்துப்போகும், அதன் கீழே எல்லாம் கரியாகும். வாசலுக்கு வெளியே, தாழ்வாரத்தின் திறந்த நிழல்தான் வேண்டியது. மாரி காலத்தின் மூடிய வானம் அதைவிட நல்லது. ஜேர்மனியில் பேர்ண்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் என்ற தம்பதியர் பல பத்தாண்டுகள் நீர்த்தாங்கிகளையும் சுரங்கக் கோபுரங்களையும் படம் எடுத்தார்கள். அதற்கு முகில் மூடிய நாட்களையே அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். நிழல் விழாத ஒளியில் வடிவம் முழுமையாகத் தெரியும் என்பதே காரணம். எங்களுக்குக் கார்த்திகையும் மார்கழியும் அந்த வானத்தை இலவசமாகத் தருகின்றன.

தூக்க முடியாத பொருளாயின் வாசலுக்கு அருகே நகர்த்தி, குழல் விளக்கை அணைத்துவிட்டு, வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழும்படி வைக்கலாம். செதுக்கு வேலைக்குப் பக்க வெளிச்சமே உயிர். நேர் வெளிச்சத்தில் பூவேலைப்பாடு தட்டையாகிவிடும். இருண்ட பக்கத்தில் ஒரு வெள்ளை றெஜிபோம் பலகையையோ வெள்ளை வேட்டியையோ பிடித்தால் போதும். கமராவைக் கையில் வைத்திருக்காமல் பலகை மேசையிலோ ஸ்டூலிலோ பதித்து, சுயமாக இயங்கும் பத்து வினாடிப் பொத்தானை அமர்த்திவிட்டு விலகி நின்றால் அசைவு ஒழியும். அதற்கு முன்னர் வில்லையைத் துடையுங்கள். பட்டறைக் கமராக்களில் பாதி, மரத்தூளும் எண்ணெய் விரலடையாளமும் படிந்தே உலகைப் பார்க்கின்றன. கிட்டப் போய் எடுத்தால் அலுமாரியின் இடுப்பு பருத்துத் தலை சிறுக்கும். நாலு எட்டுப் பின்னால் நின்று எடுக்க வேண்டும். நுணுக்கமான பொருத்தைக் காட்ட மட்டும், பூ அடையாளமிட்ட அண்மைப்பட முறையில் தனியாக ஒரு படம்.

பின்னணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1955 இல் அமெரிக்காவின் ‘போர்ச்சூன்’ சஞ்சிகைக்காக வோக்கர் எவன்ஸ் என்ற ஒளிப்படக் கலைஞர் குறடு, திருகு சாவி, கொத்தன் கரண்டி போன்ற சாதாரணக் கைக்கருவிகளைப் படம் எடுத்தார். வெறுமையான பின்னணி, ஒரு படத்தில் ஒரு கருவி, அவ்வளவுதான். கடையில் சில டொலருக்குக் கிடைக்கும் சாமான்களுக்கு அரும்பொருட்சாலைச் சிற்பத்தின் மரியாதை கிடைத்தது. எங்கள் தச்சரின் சீவுளிக்கும் கொல்லரின் சம்மட்டிக்கும் அந்த மரியாதையைக் கொடுக்க ஒரு சாயம் போகாத படுக்கை விரிப்பு போதும்.

படத்தை அழகாக எடுப்பது வாங்குபவரை ஏமாற்றுவதாகாதா என்று நேர்மையான தொழிலாளிகள் சிலர் கேட்பதுண்டு. ஏமாற்றுவது மங்கலான படந்தான். பிளந்த பலகையையும் மெழுகால் அடைத்த வெடிப்பையும் இருட்டு மறைக்கும்; தெளிவான படம் மறைக்காது. நிறத்தை மாற்றும் மென்பொருள் வித்தைகளை நான் ஆதரிக்கவில்லை. அடிமட்டத்தை அருகில் வைத்து எடுத்த படம் எவரையும் ஏமாற்றாது. அதை வட்ஸ்அப்பில் அனுப்புவோர் ஆவணமாக அனுப்பட்டும். சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும்.

இவ்வளவும் அரை நாளில் கற்பிக்கக்கூடியவை. இயந்திரமும் உதவித்தொகையும் கொடுக்கிற திட்டங்கள், விழாவுக்கு ஒளிப்படக்காரரை வாடகைக்கு அமர்த்துகிற திட்டங்கள், இந்த அரை நாளை ஏன் ஒதுக்குவதில்லை? தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழை நெஞ்சோடு பிடித்து வெளியேறும் பிள்ளையிடம் தான் செய்த பொருளின் ஒரு நல்ல படம் இல்லை. நன்கொடையாளருக்கு அனுப்பும் அறிக்கையில் தேவைப்படுவது விருந்தினரின் முகம். பொருளின் முகம் அன்று. பத்திரிகைகளும் இதற்கு உடந்தை. பிரமுகர் இல்லாத படம் செய்தியாகாது என்ற விதியை எழுதியவர் யார்?

இதனால் வந்த இழப்பு வியாபார இழப்பு மட்டுமன்று. 1990 களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி இல்லை, பெற்றோல் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். ஜாம் போத்தலில் சிக்கன விளக்கு எரிந்தது. மோட்டார் சைக்கிள்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. அவற்றை அப்படி ஓடச் செய்தவர்கள் சிறு பட்டறைக்காரர்கள். அந்தக் காலத்தின் தலைவர்களுடைய படங்களும் இடிபாடுகளின் படங்களும் ஏராளமாக இருக்கின்றன. அந்தக் காபரேற்றர் எப்படி மாற்றப்பட்டது என்பதைத் தெளிவாகக் காட்டும் படம் ஒன்றைத் தேடிப் பாருங்கள். செய்தவர்களில் எத்தனையோ பேர் இன்று இல்லை. பட்டறைகள் 2009 ஓடு போயின.

அடுத்த நிறைவு விழாவுக்கு அழைப்பிதழ் அச்சிடுவோர் ஒன்று செய்யட்டும். விருந்தினர் பத்து மணிக்குத்தானே வருவார். எட்டு மணிக்கே பிள்ளைகளின் பொருட்களைத் தாழ்வாரத்துக்குத் தூக்கி வையுங்கள். பின்னால் ஒரு வெள்ளை விரிப்பைக் கட்டுங்கள். அவர்களே தங்கள் கைத்தொலைபேசிகளில் எடுக்கட்டும். நாடா அதுவரை காத்திருக்கும்.