இறப்பு நிகழ்ந்த மனையும் அடைப்பு மறுப்பும்

ஒருவர் உயிர்நீத்த மனையிற் பிறர் வாழ்தல் தகுமோ தகாதோ என்னும் ஐயம் நம்மவருள் நெடுங்காலமாக நிலவி வருகின்றது. அவிட்டம், சதயம், பூரட்டாதி, உத்தரட்டாதி, இரேவதி என்னும் ஐந்து நாண்மீன்களுள் ஒன்றில் இறப்பு நேரின், அதனைத் தனிட்டா பஞ்சமி எனப் பெயரிட்டு, அம்மனையை 6 திங்கள் அடைத்துவைத்தல் வேண்டுமென்றும், உரோகிணியாயின் 4 திங்களென்றும், வேறு சில மீன்களாயின் 3 திங்கள் அல்லது 2 திங்களென்றும் பஞ்சாங்கங்கள் இன்றும் அச்சிட்டு வருகின்றன. இறந்தார் உடம்பை வாயில்வழிக் கொண்டுசெல்லாது, சுவரை இடித்து வழிசெய்து கொண்டுபோதலும் சிலவிடத்து வழக்காம். அடைப்பு எனப்படும் இவ்வழக்கம் சைவ சித்தாந்தத்திற்கு இயைவதோ என்பதும், இதனால் விளைவது நன்மையோ தீமையோ என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

இவ்வாராய்ச்சிக்குச் சேலத்தை அணித்தாயுள்ள சேர்வராயன் மலை தக்கதோர் சான்றாகும். அம்மலைமேல் ஏற்காட்டைச் சூழ்ந்து காப்பித் தோட்டங்கள் பரந்துள்ளன. சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் என்னும் ஆங்கிலேயர் 1820-களில் அங்குக் காப்பிப் பயிரைப் புகுத்தினார். அதன்பின் எழுந்த பழைய பங்களாக்களிற் பல தலைமுறையினர் பிறந்தும் இறந்தும் உள்ளனர். கோடையிற் குளிர்ச்சி வேண்டி மலையேறுவோருட் சிலர், தாம் தங்கும் பழமனையில் யாரேனும் இறந்ததுண்டோ என உசாவி, உண்டெனக் கேட்பின் அஞ்சி அகல்கின்றனர். ஆயின் அம்மலையில் இறப்பு நிகழாத நிலம் யாண்டுளது? தொல்பொருளறிஞராகிய இராபர்ட்டு புரூசு பூட்டு என்பார் புதிய கற்காலத்து மெருகிட்ட கற்கோடரிகள் பலவற்றை அங்குக் கண்டெடுத்தார். அத்தகைய கற்களை மலைவாழ் மக்கள் பிள்ளையார் கோயில்களில் வைத்து வழிபடுதலும் உண்டு. பல்லாயிரம் ஆண்டுகட்கு முன் இறந்துபட்டார் கைக்கருவி பிள்ளையார் திருமுன் இருத்தற்குத் தகுமாயின், நேற்று இறந்த தந்தையார் கிடந்த அறை மைந்தன் இருத்தற்குத் தகாதோ? இறப்பு நிகழ்ந்த இடமெல்லாம் விலக்கத்தக்கதெனின், மாந்தர் அடிவைத்தற்கு இந்நிலவுலகில் ஓரடி மண்ணும் கிட்டாது என்க.

இனி, சாத்திரம் கூறுவதனை நோக்குவாம். மெய்கண்டதேவர் அருளிய சிவஞானபோதம் இரண்டாஞ் சூத்திரத்தில், உயிர் உடம்பைவிட்டு நீங்குமாறு, பாம்பு தன் தோலை உரித்தல், நனவை விட்டுக் கனவிற் புகுதல், பிறிதோருடம்பிற் புகுதல் என்னும் உவமைகளான் விளக்கப்பட்டது. பருவுடம்பை விட்ட உயிர் நுண்ணுடம்போடு கூடித் தன் வினைக்கேற்பத் துறக்கமோ நிரயமோ வேறு பிறப்போ எய்தும். அதனைச் செலுத்துவது இறைவன் ஆணை. உரித்த தோலை நோக்கிப் பாம்பு மீள்வதில்லை. அங்ஙனமாக, இறந்த உயிர் சுவரையும் கூரையையும் பற்றிக்கொண்டு 6 திங்கள் மனைக்கண்ணே கிடக்குமென்றல், வினையையும் வினைப்பயனை ஊட்டும் முதல்வனையும் ஒருங்கே மறுத்தலாய் முடியும்.

அற்றன்று, இவ்வைந்து மீன்களில் ஒருவர் இறப்பின் அக்குடும்பத்துப் பின்னும் ஐவர் இறப்பர், அதனைத் தடுத்தற்கே அடைப்பென்பாரும் உளர். அவர் கூற்றும் பொருந்தாது. அவரவர் வினையை அவரவரே நுகர்வர் என்பது சித்தாந்தத் துணிபு. தந்தை இறந்த நாள்மீன் மைந்தனது ஆயுளைக் குறைக்குமாயின், ஒருவன் வினைப்பயனை மற்றொருவன் நுகர்ந்தானாவன். காலமும் நியதியும் மாயையிற் றோன்றிய சடதத்துவங்கள். இறைவன் திருவருளின்றித் தாமே இயங்கமாட்டா. நாளும் கோளும் நல்லனவல்லவென்று திருநாவுக்கரசு நாயனார் தடுத்துரைத்தபோது, திருமறைக்காட்டில் ஆளுடைய பிள்ளையார் கோளறு பதிகம் அருளிச்செய்து மதுரைக்கு எழுந்தருளினார் அல்லரோ? அப்பதிகத்தை நாடோறும் ஓதிவிட்டு, அவிட்டத்திற்கு அஞ்சி வீட்டைப் பூட்டுவார் ஓதுவதன் பயன் யாதோ, அறிகிலேம் என்று பிறர் நகையாரோ?

ஆசௌச விதி இருத்தலின் அடைப்பும் விதியேயாம் எனின், அதுவும் அறியாமையாம். சைவ பத்ததிகள் வகுத்த ஆசௌசம் இறந்தாரோடு உறவுடைய மாந்தரைப் பற்றியது. சில நாட்களில் நீங்குவது. நீங்கியபின் மனை தூய்மைசெய்யப்பட்டு வழிபாட்டிற்குரியதாவது. இறந்த உயிர் நற்கதி பெறுதற்கென்றே கல் நிறுத்தி, நீர்க்கடன் செய்து, கரும முடிவிற் கல்லை அகற்றுகின்றனர். அக்கருமங்களாற் பயனுண்டெனின், உயிர் மனையைவிட்டுச் சென்றதென்பதே கருத்து. பயனில்லையெனின் அவற்றைச் செய்வதேன்? கருமம் அனைத்தையும் முற்றச்செய்து முடித்தபின்னும், உயிர் உள்ளே உறைகின்றதென்று கதவடைப்பார் தம் கையாற் செய்த கருமத்தைத் தம் வாயாற் பொய்யென்கின்றார்.

முன்னோர் நோய் பரவாமைப் பொருட்டே இவ்விதியைச் செய்தனர் எனப் புதுமுறையில் அடைப்பை நாட்டுவார் ஒருசாரார். நோயே காரணமாயின், இறந்தார்க்கு உற்ற நோய் யாது என்றன்றோ முதற்கண் வினவல் வேண்டும்? அம்மையால் ஒருவர் அசுவினியில் இறப்பின் அடைப்பில்லை. முதுமையால் ஒருவர் சதயத்தில் இறப்பின் 6 திங்கள் அடைப்பு. தொற்றுநோய் நாள்மீன் பார்த்துத் தொற்றுவதில்லை. ஆகலின் இக்காரணம் வழக்கத்தைக் காத்தற்குப் பின்னே புனைந்ததேயாம்.

இனி, அடியார் வரலாறு காண்க. திங்களூரில் அப்பூதியடிகளார் திருமகனார் அரவந்தீண்டி இறந்தபோது, அவ்வுடலை மனைக்கண் மறைத்துவைத்து, அம்மனையிலேயே நாவரசருக்குத் திருவமுது படைக்க அவர் முற்பட்டார். உண்மையுணர்ந்த நாவரசர் திருப்பதிகம் பாடிப் பிள்ளையை எழுப்பியபின் அம்மனைக்கே மீண்டும் எழுந்தருளி அமுதுசெய்தார். பிள்ளை உயிர்பெற்றமையின் அம்மனை தூயதாயிற்று எனின், திருச்செங்காட்டங்குடியை நோக்குக. சிறுத்தொண்டர் மனையிற் பிள்ளைக்கறி சமைக்கப்பட்ட அன்றே, சீராளர் மீண்டு வருதற்கு முன்னரே, பைரவ வேடங்கொண்ட பெருமான் அமுதுண்ண அம்மனையில் வீற்றிருந்தார். மயிலையிற் சிவநேசர் தம் மகளார் பூம்பாவையாரின் சாம்பலையும் என்பையும் குடத்திலிட்டுக் கன்னிமாடத்திலேயே வைத்திருந்தார், மனையை அடைத்தாரல்லர். இம்மூன்று மனைகளுள் ஒன்றேனும் தீயதெனச் சேக்கிழார் பெருமான் கூறினாரா?

சைவர் வணங்கும் தலைவனோ சுடுகாட்டையே ஆடரங்காகக் கொண்டவன். திருவாலங்காட்டிற் காரைக்காலம்மையார் பேயுருவோடு அவன் திருவடிக்கீழிருந்து பாடுகின்றார். பேயும் பூதமும் அவன் ஏவல்வழி நிற்பன. அவன் திருநீற்றை நெற்றியிலணிந்தோர் வெற்றறைக்கு அஞ்சுதல், அரசன் மைந்தன் அரண்மனைக் காவலனுக்கு அஞ்சுதலையே ஒக்கும். காசியில் இறக்க முத்தியென்பது கருதி, முதியோர் பலர் அந்நகரை நாடி இறுதிநாட்களைக் கழிக்கின்றனர். அங்கு 1958-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட முத்தி பவன் என்னும் இல்லம் இறத்தற்பொருட்டு வருவோர்க்கென்றே அமைந்தது. அதன் அறைகளை ஒவ்வோர் இறப்பிற்கும் அடைப்பின், அடுத்து வரும் முதியவர் தெருவிலன்றோ கிடப்பர்? பிறநாட்டாரும் இவ்வச்சத்திற்கு ஓர் எல்லை வகுத்துள்ளனர். சப்பான் அரசின் நிலத்துறை அமைச்சகம் 2021-ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறை, ஒரு மனையில் முதுமையானும் நோயானும் இயல்பாக நேர்ந்த சாவினை வாடகைக்கு வருவார்க்கும் விலைக்கு வாங்குவார்க்கும் அறிவித்தல் பொதுவாகக் கடனன்று எனக் கூறிற்று. மனையிற் சாதல் மாந்தர்க்கு இயல்பு என்பதே அதன் கருத்து.

கொலையோ தற்கொலையோ நிகழ்ந்த மனையாயின் என்செய்வதெனின், ஆண்டிருத்தற்கு நெஞ்சம் ஆற்றாதார் வேறிடம் பெயர்தல் குற்றமாகாது. அது துயரம், துயரத்தை யாரும் பழியார். துயரத்தைத் தோடமெனப் பெயரிட்டுப் பிறர்மேற் சுமத்தலே பிழையாவது.

இவ்வழக்கத்தால் விளையுந் தீமை சிறிதன்று. வேறுமனையுடைய செல்வர்க்கு அடைப்பு ஓர் இடையூறேயன்றி இடரன்று. ஏற்காட்டுத் தோட்டங்களில் லயன் எனப்படும் வரிசைவீட்டில் ஓரறையில் வாழுங் குடும்பம் அவ்வறையை அடைத்துவிட்டு, மழையும் பனியும் பெய்யும் மலைமேல் எங்ஙனம் 6 திங்கள் கழிக்கும்? தோட்டத் தொழிலாளர்க்கு உறையுள் அமைத்துத் தருதலை 1951-ஆம் ஆண்டுச் சட்டம் தோட்ட உரிமையாளர் கடனாக்கிற்று. பஞ்சாங்கமோ அவ்வுறையுளினின்று அவர்களை வெளியேற்றுகின்றது. நகரங்களிலோ, முதியோர் உள்ள குடும்பத்திற்கு வாடகைக்கு வீடு கொடுக்க மறுப்பாரும், இறக்குந் தறுவாயிலுள்ளாரை வெளியே கொண்டுபோகச் சொல்வாரும் உளர். பெற்ற மைந்தரே தாயின் மூச்சு ஒடுங்கும்போது பஞ்சாங்கத்தைப் புரட்டி, இன்று என்ன மீன் என்று ஒருவரையொருவர் உசாவுகின்றனர். கண்மூடிக் கிடப்பினும் அவள் செவி அதனைக் கேட்கும். தான் கட்டிக் காத்த மனைக்குத் தன் சாவு தீங்காமென்னும் எண்ணத்தோடு அவ்வுயிர் பிரிதல் வேண்டுமோ? திருவைந்தெழுத்து ஒலிக்கவேண்டிய செவியில் அவிட்டமும் சதயமும் ஒலித்தலினும் கொடியதோர் அடைப்பு வேறில்லை.

ஆதலின் சைவ நன்மக்கள் செய்யத்தக்கது இது. இறப்பு நெருங்கியவரை அவர் வாழ்ந்த மனையிலேயே அன்போடு ஓம்புக. திருநீறு சாத்தித் திருவைந்தெழுத்தைச் செவியில் ஓதுக. தேவார திருவாசகங்களைப் பாராயணஞ் செய்க. உடம்பை வாயில்வழியே பெருமையொடு கொண்டுசெல்க. ஆசௌசம் கழிந்தபின் மனையை மெழுகித் தூய்மைசெய்து, இறந்தார் கிடந்த இடத்தே விளக்கேற்றி வழிபாடாற்றுக. பின்னர் அவ்விடத்தே உண்டு உறங்கி வாழ்க. வாடகைக்கு வருவார் இறப்பு நிகழ்ந்ததுண்டோ என வினவின், உண்டென ஒளியாது உரைத்து, அதனால் வருங் கேடொன்றில்லையெனவும் தெளிவிக்க. ஒரு மனை தீயதாவது அதனுள் ஓருயிர் பிரிந்தமையால் அன்று. அவ்வுயிர் பிரியும்போது அதனுள் அன்பின்றி அச்சமே நின்றமையால் என்க.

திருச்சிற்றம்பலம்